கணினி ஆன் ஆகவில்லை, உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சிறிய கடையில் வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கணினியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. "அது போனால் போகட்டும், உள்ளே பையனின் முதல் பிறந்தநாள் படங்கள் இருக்கின்றன" என்பார்கள். இன்னொருவருக்கு மூன்று வருட வரவு செலவுக் கணக்கு. வேறொருவருக்கு மறைந்த தந்தை தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே ஒரு கொள்கைதான்: முதலில் கோப்பு, அப்புறம்தான் கணினி.

நேற்று இரவு வரை நன்றாக ஓடியது. இன்று காலை ஆன் ஆகவில்லை. எல்லாம் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பீரோவின் பூட்டு கெட்டுப்போனால் உள்ளே இருக்கும் பட்டுப்புடவைக்கு ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் கோப்புகள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது, சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில். கணினி ஆன் ஆகாமல் போவதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, தற்காலிக நினைவகமான ரேம், விண்டோஸ் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. டிஸ்க்கும் அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். ஆகவே பதற வேண்டாம். பதற்றத்தில் செய்யும் வேலைகள்தான் பல வீடுகளில் படங்களை அழித்திருக்கின்றன.

எதையும் தொடுவதற்கு முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாளை எடுத்து, அந்தக் கணினியில் என்னென்ன இருந்தன என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று கைப்பேசியில் பாருங்கள். கூகுள் போட்டோஸ், ஜிமெயிலில் அனுப்பிய கடிதங்களின் இணைப்புகள், உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். விண்டோஸ் 10, 11 கணினிகளில் பலருக்கும் தெரியாமலேயே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருக்கும். கணினியில் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து உலாவியில் ஒன்டிரைவைத் திறந்து பாருங்கள். அழுதுகொண்டே கடைக்கு வந்த ஓர் அம்மாவுக்கு, கணினியைத் திறக்காமலேயே பேத்தியின் அரங்கேற்றப் படங்களை அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"ஆன் ஆகவில்லை" என்றால் உண்மையில் என்ன கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனித்தால் போதும்.

பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் அது மின்சாரப் பிரச்சினை. யுபிஎஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி ஓய்ந்துபோனதைக் கணினி செத்துவிட்டதாக நினைத்து வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மீதுதான் முதல் சந்தேகம். சென்னையில் மே மாத இரவுகளில் மின்சாரம் போய்த் திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் எகிறி எஸ்எம்பிஎஸ் போவது வழக்கமான கதை. டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது அபூர்வம்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் ரேமைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கணினிகளில் உப்புக்காற்று பட்டு ரேமின் பொன்னிறக் கால்கள் மங்கிப்போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிவதற்காக ஆன் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் கால்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். இதிலேயே சரியான கணினிகள் ஏராளம்.

தயாரிப்பாளரின் சின்னம் வந்து, பிறகு கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ்' கிடைக்கவில்லை என்ற வரி வந்தால், கணினி நலமாக இருக்கிறது, டிஸ்க்கை அதனால் காண முடியவில்லை என்று பொருள். இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. மதர்போர்டில் சட்டைப் பொத்தான் போல சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். சில வருடங்களில் அது தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கணினிக்குத் தெரியாமல் போவதற்கு இது ஒன்றே போதும். பேட்டரியை மாற்றிவிட்டுத் தேதியையும் பூட் வரிசையையும் சரிசெய்தால் ஒன்றுமே நடக்காதது போல் விண்டோஸ் வந்து நிற்கும். பயாஸில் டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால்தான் டிஸ்க் மீது சந்தேகம்.

விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே வட்டப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது தானாகப் பழுது நீக்குவதாகச் சொல்லித் திரும்பத் திரும்ப அதே நீலத் திரை வருகிறது என்றால், விண்டோஸ் கெட்டிருக்கலாம், அல்லது டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும் வரை, விடிய விடிய ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

சர்வீஸ் செய்ய வந்தவர் ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். சம்மதிக்கலாமா?

கோப்புகளின் பிரதி உங்கள் கையில் வரும் வரை கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினால் கணினி பெரும்பாலும் ஓடும். அவருடைய வேலை அத்துடன் முடிந்தது. உங்களுடையது அங்கேதான் தொடங்கும். புதிய விண்டோஸ் பல ஜிபி அளவுக்குப் பழைய கோப்புகள் இருந்த இடத்தின் மேலேயே எழுதிவிடும். அப்படி எழுதப்பட்ட இடத்தில் முன்பு இருந்ததை எந்தத் தரவு மீட்பு ஆய்வகத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. "டி டிரைவில் இருப்பதைத் தொடமாட்டேன், சி டிரைவை மட்டும்தான்" என்று சொல்வார்கள். நம் வீடுகளில் எல்லோரும் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே வைப்பவர்கள், டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்.

என் அக்காவின் திருமணப் படங்கள் எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து போனது இப்படித்தான். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு நடந்தது. ஒரு கடையில் கொடுத்தோம், மாலையில் கணினி பளபளவென்று புதிது போல வந்தது. பாட்டி உயிருடன் இருந்த கடைசி விசேஷம் அது. ஆல்பத்தில் ஒட்டிய முப்பது படங்களைத் தவிர எங்களிடம் வேறு இல்லை. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை, அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆகவே கணினியை யாரிடம் கொடுத்தாலும் ஒரு தாளில் "பிரதி எடுக்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்.

டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வருகிறது. இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போன்ற தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. படிக்கும் முனை அவற்றைத் தொடாமல், தலைமுடித் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதந்து செல்கிறது. சீரான இடைவெளியில் டிக் டிக் என்று கேட்டால், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்கிறது. முனை பழுதாகித் தட்டைத் தொட்டால் அந்தத் தட்டின் மேல்பூச்சு உரியும், உங்கள் படங்கள் பதிந்திருப்பது அந்தப் பூச்சில்தான். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் இன்னும் கொஞ்சம் சுரண்டுவதற்குச் சமம். இந்த நிலையில் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. டிஸ்க்கைத் துணியில் சுற்றி, அசையாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று வீடியோவில் பார்த்தேன்.

செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் சென்னைக் காற்றின் ஈரம் தட்டின் மேல் பனித்துளியாகப் படியும். குளிர்ந்த சொம்பின் மேல் வேர்ப்பது போலத்தான். அந்தத் துளியின் மேல் முனை ஓடினால் மிச்சமிருந்த வாய்ப்பும் போகும்.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதே மாடல் டிஸ்க்கை வாங்கி அதன் அடியில் இருக்கும் போர்டை மட்டும் மாற்றலாமா?

பழைய டிஸ்க்குகளில் இது பலித்தது. இப்போதுள்ளவற்றில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் இருக்கும். சிப்பையும் எடுத்துப் புதிய போர்டில் பற்றவைக்காமல் மாற்றினால் வேலை செய்யாது. அது பழகிய கையால் நடக்க வேண்டிய வேலை.

போர்டு எரிவதற்கு நம் வீடுகளில் ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. மேசையில் வைக்கும் பெரிய வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர். மடிக்கணினியின் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். இரண்டின் முனையும் சில சமயம் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிச் செருகிவிடுவார்கள். இப்படிப் போன டிஸ்க்கில் பெரும்பாலும் போர்டில் காவலுக்கு இருக்கும் ஒரு டயோடுதான் எரிந்திருக்கும், தட்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நம்பிக்கையோடு கொண்டுபோங்கள்.

விண்டோஸ் மட்டும் வரவில்லை, டிஸ்க் சத்தமில்லாமல் இருக்கிறது. எதையும் கழற்றாமல் கோப்புகளை எடுக்க வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழிக்கு ஒரு காலி பென் டிரைவ் அல்லது வெளி டிஸ்க் போதும். விண்டோஸ் ஏறும்போது இரண்டு மூன்று முறை இடையில் நின்றுபோனால் பழுதுநீக்கும் நீலத் திரை தானாக வரும். அதில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால் உங்கள் டிஸ்க் முழுவதும் கண்முன் வரும். கோப்புறையின் மேல் வலப் பொத்தானை அழுத்தி காப்பி, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட். நகலெடுப்பது எவ்வளவு முடிந்தது என்று இந்த இடத்தில் காட்டாது. திரை உறைந்தது போலத் தோன்றும், பொறுமையாக இருக்க வேண்டும். சி டிரைவ் இங்கே டி என்ற பெயரில் தெரியலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ். எனக்கு இதுதான் பிடித்தது. வேறொரு கணினியில் அதன் வகைகளான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவசக் கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பழுதான கணினியில் அதைச் செருகி ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9, ஏசஸ் மடிக்கணினியில் எஸ்கேப். திரையில் 'டிரை', 'இன்ஸ்டால்' என்று இரண்டு கேட்டால் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்ட்டில் நேராகத் திரை வந்து, மேசைப்பரப்பில் இன்ஸ்டால் படம் ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம், தொட்டால் உங்கள் டிஸ்க்கின் மேலேயே லினக்ஸ் ஏறும் பாதையில் போகிறீர்கள். கோப்பு உலாவியைத் திறந்து, பழைய டிஸ்க்கின் பெயரைச் சொடுக்கி, வேண்டியதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விண்டோஸ் சரியாக அணைக்கப்படாமல் உறக்கநிலையில் நின்றிருந்தால் லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. நமக்கு வேண்டியதும் படிப்பது மட்டும்தானே.

நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய யுஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 30 எம்பி போகிறது என்று வைத்தால் 500 ஜிபிக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3 துளையில் செருகினால் பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மணியில் முடியும். பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய ஒற்றைக் கோப்பை, உதாரணமாகத் திருமண வீடியோவை, ஏற்காது. அதை முன்கூட்டியே எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவது கடினமா?

மேசைக் கணினியில் மிகவும் எளிது. பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டு கேபிளையும் நான்கு ஸ்க்ரூவையும் எடுத்தால் டிஸ்க் கையில் வந்துவிடும். அதை யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வேண்டும். மடிக்கணினியின் இரண்டரை அங்குல டிஸ்க் யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் தனி மின் அடாப்டருடன் வரும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். இது தெரியாமல் சின்னக் கேபிளை வாங்கி, டிஸ்க் சுற்றவில்லை என்று மனமுடைந்து வந்தவர்கள் உண்டு. இப்போதைய மடிக்கணினிகளில் சூயிங்கம் துண்டு போன்ற எம்.2 எஸ்எஸ்டி இருக்கும். அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. எஸ்எஸ்டியைப் போட்டு யுஎஸ்பியில் மாட்டும் பெட்டியும் அந்த வகைக்குப் பொருந்த வேண்டும்.

இவற்றை வாங்க அண்ணா சாலைக்குப் பின்புறம் ரிச்சி தெரு, அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலோ சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலோ இறங்கி நடந்தே போய்விடலாம். எஸ்எஸ்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்க்கை மாட்டியதும் விண்டோஸ் மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றால் கேன்சல். "பிழைகளைத் தேடிச் சரிசெய்யலாமா" என்றால் வேண்டாம். நைந்துபோன டிஸ்க்கில் அப்படிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கருவியை ஓடவிட்டால் அது கோப்புகளைத் துண்டுகளாக்கிவிடக்கூடும். "இந்தக் கோப்புறையைத் திறக்க அனுமதி இல்லை, தொடரவா" என்பது மூன்றாவது. நல்ல டிஸ்க் என்றால் தொடரலாம். ஆனால் அப்போது விண்டோஸ் ஒவ்வொரு கோப்பின் அனுமதியையும் டிஸ்க்கில் மாற்றி எழுதும். டிஸ்க் நலிந்திருந்தால் அந்தச் சிரமத்தைக் கொடுக்காமல் லினக்ஸிலிருந்தே படியுங்கள்.

நகலெடுக்கும்போது பாதியில் நின்று நின்று போகிறது.

டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. முதலில் மிக முக்கியமான கோப்புறையை மட்டும் எடுங்கள், மொத்தத்தையும் ஒரே இழுப்பில் எடுக்க முயலாதீர்கள். லினக்ஸ் பழகியவர் வீட்டில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியைச் சொல்லுங்கள். அது நன்றாக இருக்கும் இடங்களை முதலில் வாரி எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். முழு டிஸ்க்கும் படியெடுக்கப்படும் என்பதால் அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதன்பிறகு எல்லா முயற்சியும் அந்தப் படியின் மேல்தான். மூலத்தை அணைத்து எடுத்து வைத்துவிடலாம்.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

உங்களுக்காக விண்டோஸே போட்டிருக்கிறது. இதன் பெயர் பிட்லாக்கர். சமீப வருடங்களின் மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தவுடனேயே டிஸ்க் முழுவதும் குறியாக்கம் ஆகிவிடுவதுண்டு, அதாவது சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி மாறிவிடும். மதர்போர்டை மாற்றினாலோ டிஸ்க்கைக் கழற்றினாலோ பயாஸ் அமைப்பை மாற்றினாலோ இந்த எண்ணைக் கேட்கும். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவி என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். கணினியை வாங்கிய அன்று யார் அமைத்துக் கொடுத்தார்களோ, மகளோ அண்ணன் மகனோ கடைக்காரரோ, அவர்களுடைய கணக்கிலும் பாருங்கள். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருக்கும்.

எண் எங்குமே கிடைக்காவிட்டால் கோப்புகள் கிடைக்காது. "பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். கணினி நன்றாக ஓடும் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இப்போதே எழுந்துபோய் அந்த எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வையுங்கள்.

எந்தக் கோப்புறைகளை எடுத்தால் ஒன்றும் விடுபடாது?

சி டிரைவில் யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும், அதை முழுமையாக எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். உலாவியின் புத்தகக்குறிகளும் அதற்குள் மறைந்திருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா கோப்புறையைத் தனியாகத் தேடுங்கள், அது வேறிடத்தில் இருக்கும். அவுட்லுக்கில் மின்னஞ்சல் சேர்த்தவர்கள் பிஎஸ்டி கோப்பை விட்டுவிடாதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. இதைச் சொல்ல ஆளில்லாமல் பலர் தவித்திருக்கிறார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில், டாப், டாம் என்று பல எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாப், டாம் முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010இல்தான் யூனிகோடு அரசின் தரமாயிற்று. அந்தப் பத்து வருடங்களில் எழுதிய கடிதங்களும் கவிதைகளும் திருமண அழைப்பிதழ்களும் இன்னமும் அந்தப் பழைய உருவிலேயே கிடக்கின்றன. கோப்பை மட்டும் எடுத்துப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுவார்கள். கெடவே இல்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் மறக்காமல் நகலெடுங்கள். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். முன்னுரையில் சொன்னேனே, தந்தையின் குடும்ப வரலாறு, அது இப்படித்தான் பாமினியிலிருந்து திரும்பி வந்தது.

ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

உடனே அணையுங்கள். அதில் இணையம் பார்ப்பது, மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவுவது இரண்டுமே கூடாது. டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் தேடலாம். கிடைப்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் கோப்பின் பெயரையும் கோப்புறையையும் காப்பாற்றாது. ஆயிரக்கணக்கான படங்கள் எண்களோடு வந்து குவியும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் மட்டும் நடந்திருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. முழு ஃபார்மட் நடந்திருந்தால், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் கடுமை. அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானாகவே துடைத்துக்கொள்ளும் டிரிம் என்ற ஏற்பாடு இருப்பதால், அழிந்தது பெரும்பாலும் அழிந்ததுதான். ஃபார்மட்டுக்கு முன்பே தடுக்கச் சொல்லி நான் மன்றாடுவது இதனால்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய கணினியை உலர்த்தி ஆன் செய்யலாமா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை வீடுகளின் தரைத்தளத்தில் கணினிகள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். அப்போது வந்த டிஸ்க்குகளில், உடனே ஆன் செய்து பார்க்கப்பட்டவையும் ஹேர் டிரையரால் உலர்த்தப்பட்டவையும்தான் அதிகம் பாழாயின. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமமாவதற்கு வடிகட்டியுடன் ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியே தண்ணீர் புகும். தெருச் சாக்கடை கலந்த நீர் உலர்ந்தால் சேறு தட்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. ஆகவே உலர்த்தாதீர்கள், அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு, சீக்கிரம் ஆய்வகத்தில் சேருங்கள். மேசைக்கு அடியில் தரையோடு தரையாகக் கணினியை வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன் அதை மேலே ஏற்றிவிடுங்கள்.

தரவு மீட்பு ஆய்வகத்தில் என்ன கேட்க வேண்டும்?

பரிசோதனைக்கு மட்டும் எவ்வளவு, கோப்பு கிடைக்காவிட்டால் பணம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிஸ்க்கைத் திறக்க வேண்டியிருந்தால் தூசியற்ற அறை அவர்களிடமே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் மீட்கப்பட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். செலவு புதிய கணினியின் விலையைத் தாண்டக்கூடும். தாளில் எழுதிய பட்டியலை அப்போது எடுத்துப் பாருங்கள். எதற்காக இந்தச் செலவு என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். வேறொருவர் ஏற்கெனவே பிரித்துப் பார்த்த டிஸ்க் என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடையில் கொடுத்தால் எங்கள் சொந்தப் படங்களையும் ஆவணங்களையும் பார்ப்பார்களே?

நியாயமான கவலை. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்கும். எளிய நகலெடுப்பு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போங்கள், நல்ல கடைக்காரர் நாற்காலி போட்டுத் தருவார். விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால் டிஸ்க்கின் சீரியல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் அவர்கள் கணினியில் இருக்கும் பிரதியை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். பெண்கள் தயங்கித் தயங்கி இதைக் கேட்கிறார்கள். தயங்க வேண்டியதே இல்லை, இது உங்கள் உரிமை.

கணினி வாரன்டியில் இருக்கிறது. கம்பெனிக்கே அனுப்பிவிடலாமா?

வாரன்டி டிஸ்க்குக்குத்தான், அதில் உள்ள கோப்புகளுக்கு இல்லை. புதிய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்வார்கள். அனுப்பும் முன் பிரதி எடுங்கள். முடியாவிட்டால் பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

மேக் கணினிக்கும் இதே வழிகளா?

2018க்குப் பிறகு வந்த பெரும்பாலான மேக்புக்குகளில் சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுக் குறியாக்கமும் செய்யப்பட்டிருக்கும். கழற்றி எடுக்க முடியாது. திரை மட்டும் போயிருந்தால் வெளித்திரை மாட்டிப் பாருங்கள். இன்னொரு மேக்குடன் கேபிளால் இணைத்து டிஸ்க்கைப் பகிரும் வசதியும் உண்டு. போர்டு போயிருந்தால் அதே போர்டை உயிர்ப்பிப்பதுதான் வழி.

கோப்புகள் கிடைத்துவிட்டன. பழைய டிஸ்க்கை இனி ஃபார்மட் செய்து பயன்படுத்தலாமா?

இன்றைக்கே வேண்டாம். முதலில் ஒவ்வொரு கோப்புறையிலும் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலிருந்து ஓடவிடுங்கள், டேலியில் போன வருடக் கணக்கு வருகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரி என்றால் இரண்டாவது பிரதி ஒன்றைத் தங்கை வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ வைத்துவிட்டு, பழைய டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி ஆறு மாதம் பீரோவில் வையுங்கள். விட்டுப்போன ஒரு கோப்பு நினைவுக்கு வருவது அனேகமாக மூன்றாவது மாதத்தில்தான்.